மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் ஒரு விருந்து

அன்புள்ள ஐயா,

ஆயுத பூஜையன்று டிரெடிலை (காலால் மிதித்து இயக்கும் அச்சு எந்திரத்தை) துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு தாள்கூட அடிக்காமல் ஓய்வு கொடுப்பது எங்கள் அச்சகத்தில் தந்தையார் காலத்து வழக்கம். மேலைநாட்டு அச்சுத் தொழிலாளருக்கும் இப்படித் தமக்கென ஒரு திருநாள் இருந்ததா?

— ஒரு வாசகர், சிவகாசி

அன்புள்ள நண்பருக்கு,

இருந்தது. இங்கிலாந்தில் வேய்ஸ்கூஸ் என்ற பெயரில், ஆகஸ்ட் 24ஆம் தேதி வரும் புனித பர்த்தலோமியு திருநாளை ஒட்டி அது கொண்டாடப்பட்டது. அச்சுத் தொழிலைப் பற்றி 1683-84இல் விரிவாக எழுதிய ஜோசப் மாக்ஸன், அந்நாட்களில் தொழிலாளர்கள் அச்சகத்தின் சன்னல்களுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவார்கள் என்றும், முதலாளி அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து விருந்திட்டு, இரவில் மதுக்கடையில் செலவழிக்கப் பணமும் கொடுப்பார் என்றும் குறிப்பிடுகிறார். அதோடு அவர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது: முதலாளி அந்த விருந்தைக் கொடுக்கும்வரை தொழிலாளர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்வதில்லை. ஆகஸ்ட் இறுதியில் அங்கே பகல் சுருங்கத் தொடங்கிவிடும். மங்கிய வெளிச்சத்தில், தலைகீழாக நிற்கும் பொடி எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோக்க வேண்டிய மாதங்கள் அதன்பின் வருகின்றன. ஆகவே அந்த விருந்தை முதலாளியின் தாராள மனத்துக்குச் சான்றாகக் காட்டுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. அது கூலிப் பேச்சின் ஒரு பகுதி.

விருந்துக்கு எழுத்து வார்ப்பவர், கொல்லர், தச்சர், மை தயாரிப்பவர் ஆகியோரும் அழைக்கப்பட்டார்கள். அவரவர் பங்குக்குத் தொழிலாளருக்குப் பணமும் கொடுத்தார்கள். மெய்ப்புத் திருத்துபவரிடம் மட்டும் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. அவரைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி என்பதால் தொழிலாளரால் அவருக்கு ஆகக்கூடிய உதவி ஒன்றுமில்லை என்று மாக்ஸன் காரணம் சொல்கிறார். மற்றவர்கள் எதற்காக மடியை அவிழ்த்தார்கள் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். (மெய்ப்புத் திருத்துபவருக்கு அன்றைக்கும் செல்வாக்குக் குறைவுதான் போலும்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது அச்சகத்தார் கூட்டமாக ரயிலேறிக் கிராமப்புறத்துக்கோ கடற்கரைக்கோ போய்வரும் உல்லாசப் பயணமாக மாறிவிட்டது. ஜெர்மானியர் வழக்கம் வேறு வகை. பயிற்சி முடித்தவரை ஈரப் பஞ்சின்மேல் உட்காரவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்து, தொழிலாளர் வரிசையில் சேர்த்துக்கொண்டதற்குச் சான்றிதழும் கொடுப்பார்கள். ஐரோப்பிய அச்சுக்கலையின் முன்னோடி கூட்டன்பர்க் பிறந்த மைன்ஸ் நகரில், யோவான் திருநாளை ஒட்டி ஜூனில் நடக்கும் விழாவில், ஊரார் பார்க்க இன்றும் இதைச் செய்கிறார்கள்.