வெள்ளத்தில் ஏஏ கூட்டம் நின்றுபோனால்

மிக்ஜாம் வெள்ளத்தில் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) கூட்ட அறை மூழ்கிவிட்டது, நண்பர் மறுபடி தினமும் குடிக்கிறார், உங்களுக்கும் ஆசை கிளம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். கூட்டத்துக்கு அறை அவசியமில்லை சார். 1935-ல் ஏஏ பிறந்ததே இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில்தான். மொட்டைமாடியில் இருவர் உட்கார்ந்தாலும் அது கூட்டம்தான். நிவாரண வேலையில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாதீர்கள், பசியும் அசதியும்தான் பலரைக் கடைக்கு இழுத்துப் போகின்றன.

நண்பரைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், நிதானத்தில் இருக்கும் இன்னொருவரையும் கூட்டிப் போங்கள். ரொம்ப முக்கியம்: தொடர்ந்து குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கை நடுங்கினாலோ உளறினாலோ உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், ராத்திரி தாங்க முடியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், இலவசம்.