செங்குத்தான மலைச்சுவரில் ஒரு குழு ஏறும்போது, முதலில் ஏறுபவரைத் தவிர மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு மலையேற்றப் படம் பார்த்திருக்கிறார். "முதல் ஆள் பாறையில் போராடுகிறார், சரி. கீழே கயிற்றோடு நிற்கிறவர்கள் மணிக்கணக்கில் என்ன செய்வார்கள்? வெறும் துணைக்குத்தானா?" என்று விளக்கத்தில் கேட்டிருக்கிறார்.

நான் பன்னிரண்டு வருடமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். டிராக்கன்ஸ்பர்க் மலைகளில் ஏறிய பெரும்பாலான நாட்களில் நான் இரண்டாவது ஆள். அதனால் கீழே நிற்கிறவனின் இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன். அவர் சும்மா நிற்கவில்லை. மேலே போகிறவரின் உயிர் அவர் கையில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் மலைத்தேன் எடுக்கப் போகிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். பாறை விளிம்பிலிருந்து கொடியில் இறங்குகிறவன், மேலே கயிற்றைக் காவல் காக்க மச்சானைத்தான் நிறுத்துவானாம். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. சின்ன வயதில் அதைக் கதையாகத்தான் கேட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, "தம்பி, இப்ப நீதான் என்னைப் பிடிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு, நான் அண்ணா என்று கூப்பிடும் என் ஏற்றத் துணைவர் பாறையில் கை வைத்த அன்றைக்குப் புரிந்தது.

அண்ணா டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவரின் கொள்ளுப்பேரன். அவர் பையனாக இருந்த காலத்தில் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவார விடுதிகளில் நம் ஆட்களுக்கு இடம் கிடையாது. நிறவெறிச் சட்டம் மலையையும் பங்கு போட்டு வைத்திருந்தது. அவர் முதன்முதலாக அந்தச் சுவரைத் தொட்டபோது வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இதை அவர் ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். ஆனால் பாறையைத் தொடும்போதெல்லாம் முதலில் உள்ளங்கையை ஒரு நொடி அப்படியே வைத்து எடுப்பார். அவரைப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இனி வேலையைச் சொல்கிறேன்.

சுவர் 500 மீட்டர் இருந்தாலும் கயிறு 60 மீட்டர்தான். அதனால் ஏற்றத்தைக் கயிற்று நீளத்துக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் பிட்ச். முதல் ஆள் ஏறிக்கொண்டே, பாறை வெடிப்புகளில் நட், கேம் போன்ற உலோகப் பிடிமானங்களைச் செருகி, ஒரு கொக்கியால் கயிற்றை அதில் மாட்டிக்கொண்டு போவார். இரண்டாவது ஆள் தன்னைப் பாறையில் குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் கட்டிக்கொண்டு, இடுப்பில் மாட்டிய பிலே கருவி (கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவுவது) வழியாகக் கயிற்றை அளந்து அளந்து கொடுப்பார். முதல் ஆள் மேலே ஒரு திட்டை அடைந்து தன்னைக் கட்டிக்கொண்ட பிறகு, இரண்டாவது ஆள் செருகியதையெல்லாம் கழற்றிக்கொண்டே ஏறுவார். அப்போது கயிறு மேலிருந்து பிடிக்கப்படும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

கயிறு கொடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இறுக்கமாகப் பிடித்தால் அவர் காலெடுத்து வைக்கிற நொடியில் பின்னுக்கு இழுத்துவிடும். தளர்வாக விட்டால் விழும் தூரம் கூடும். கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் கையைப் பிரேக் கை என்போம். அந்தக் கை எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விட்டு எழக்கூடாது. மூக்கு வழிந்தாலும் சரி, கல் வந்து தோளில் விழுந்தாலும் சரி.

பலருக்கும் தெரியாத ஒன்று. ஆபத்து உயரத்தைப் பொறுத்ததில்லை. விழுந்த தூரத்தை, வெளியே விட்டிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும்; வரும் எண் கூடக் கூட அடியும் கூடும். ஏறும் கயிறு ரப்பர் போலக் கொஞ்சம் நீளும்; அந்த நீட்சிதான் அடியை வாங்கிக்கொள்கிறது. 35 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது 6 மீட்டர் விழுந்தால் கணக்கு 0.2கூட வராது, உடம்பு தாங்கிவிடும். ஆனால் திட்டிலிருந்து கிளம்பி 3 மீட்டர் ஏறி, எதையும் செருகும் முன் தவறினால், நிற்கிறவரைத் தாண்டி மொத்தம் 6 மீட்டர் விழுவார். வெளியே இருக்கும் கயிறோ 3 மீட்டர். கணக்கு 2. அதற்கு மேல் வரவே முடியாது. அத்தனை அடியும் நிற்கிறவர் மேலும் அவரைக் கட்டியிருக்கும் பிடிமானங்கள் மேலும் இறங்கும். ஒவ்வொரு பிட்சிலும் முதல் சில மீட்டரில் நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

குரல் கொடுப்பது தனிப் பாடம். அண்ணாவுக்குத் தமிழ் அதிகம் வராது. வீட்டில் ஆங்கிலம், கோயிலில் தேவாரம். ஆனாலும் மலையில் நாங்கள் தமிழில்தான் கத்துவோம். ஆங்கிலக் கட்டளைகள் காற்றில் ஒன்றுபோலவே கேட்கின்றன. "இழு" என்றால் கயிற்றை இறுக்கு. கொஞ்சம் கயிறு வேண்டுமென்றால் "தளர்த்து". ஆரம்பத்தில் "விடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் எனக்கு உறைத்தது, உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது. அன்றோடு அந்தச் சொல்லை மலையில் பேசுவதில்லை. காற்று பலமாக இருந்தால் குரலே எட்டாது. அப்போது கயிற்றை மூன்று முறை நீளமாக இழுத்தால், கட்டிக்கொண்டேன், நீ வரலாம் என்று பொருள்.

இப்போது சென்டினலில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்டினல், டிராக்கன்ஸ்பர்க்கில் 3,165 மீட்டர் உயரமுள்ள சிகரம். ஆம்பிதியேட்டர் என்று சொல்கிற, ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள அரைவட்டச் சுவரின் ஒரு முனை. துகேலா ஆறு அந்தச் சுவரிலிருந்துதான் 900 மீட்டருக்கு மேல் கீழே விழுகிறது. 1910இல் வைபர்க், மெக்லியோட் என்ற இருவர் முதலில் அந்த உச்சியைத் தொட்டார்கள். ஜூலு மக்கள் இந்த மலைத்தொடரை உகாஷ்லாம்பா என்கிறார்கள், ஈட்டிகளின் வேலி. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெயரைத் தவிர வேறு தோன்றாது.

பாறை பசால்ட். 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. ஒரு அடுக்கு இரும்பு மாதிரி இருக்கும், அதற்கு மேல் அடுக்கு பொரித்த அப்பளம் மாதிரி கையோடு வரும். இரண்டுக்கும் இடையில் புல் முளைத்த திட்டுகள். புல்லைப் பிடித்தும் ஏற வேண்டிவரும். நல்ல கருங்கல்லில் பழகியவர்கள் இங்கே வந்தால் முகம் சுளிப்பார்கள். இதே மலைத்தொடரில் மங்க்ஸ் கௌல் என்ற 3,234 மீட்டர் சிகரத்தில் 1938இல் டிக் பாரி என்பவர் விழுந்து இறந்தார். அதன் உச்சியை 1942இல்தான் தொட முடிந்தது.

நாங்கள் போனது ஜூலையில், இங்கே அது குளிர்காலம். கோடையில் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும் வந்துவிடும். குளிர்காலம் வறண்டது, ஆனால் பகல் குட்டை. மூன்று பேர். அண்ணா, நான், டர்பனின் குவாமாஷுவிலிருந்து வரும், நாங்கள் தங்கை என்று கூப்பிடும் ஒரு நர்ஸ். இருட்டோடு கார் நிறுத்தத்திலிருந்து நடந்து, வெளிச்சம் வரும்போது சுவரின் அடியில் நின்றோம். புல் நுனியெல்லாம் பனி உறைந்து உப்புத் தூவியது போல் இருந்தது.

மூன்று பிட்ச் நன்றாகப் போனது. நான்காவதில் அண்ணா 30 மீட்டருக்கு மேல் போய்விட்டார். என் விரல்களில் உணர்ச்சியே இல்லை. கையுறையைக் கழற்றி ஊதினால் தேவலை என்று தோன்றியது. பிரேக் கையை எடுக்காமல் இடது கையை மட்டும் ஊதிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலே "கல்லு!" என்று ஒரு குரல். பெரிய டிபன் கேரியர் அளவு ஒரு பாறைத்துண்டு என் வலப்பக்கம் மோதிச் சிதறியது. வெடி வெடித்த வாசனை வந்தது. கல்லோடு கல் உரசினால் அந்த வாசனை வரும். அதே நொடியில் என் இடுப்பு மேல்நோக்கித் தூக்கப்பட்டது. கால் திட்டை விட்டுப் போய், கட்டியிருந்த நாடா இழுத்து நிறுத்தியது. வலது கை தொடையோடு ஒட்டியிருந்தது. நான் யோசித்துச் செய்ததில்லை. கை தானாக அங்கே போயிருந்தது.

பிறகு எல்லாம் அமைதி. கயிறு மட்டும் வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. "அண்ணா!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, மிக மெதுவாக, "தம்பி... பிடிச்சிருக்கியா?" என்றார்.

"பிடிச்சிருக்கேண்ணா."

ஆறு மீட்டர் விழுந்திருந்தார். விரல்நுனி அளவு ஒரு நட் அவரைத் தாங்கி நின்றது. கணுக்கால் பாறையில் அடித்திருந்தது. அவரை என் திட்டுக்கு இறக்கியதும் தங்கை காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, ஆனால் இனி ஏற்றம் கிடையாது என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. மலையேற்றச் சங்கத்தின் தன்னார்வ மீட்புக் குழு இங்கே உண்டு. ஆனால் அவர்கள் வந்து சேர நேரமாகும், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. நாங்களே இறங்கினோம். தங்கை முதலில், நடுவில் அண்ணா, கடைசியாக நான். கயிற்றில் இறங்கும்போது இறந்தவர்களின் கணக்கு இந்த விளையாட்டில் பெரிது. களைப்பில் முடிச்சு விட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு முடிச்சையும் ஒருவர் போட, இன்னொருவர் தொட்டுப் பார்த்தோம். கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட வேண்டும். கார் நிறுத்தத்துக்கு வரும்போது நட்சத்திரம் வந்துவிட்டது.

நீங்கள் பார்த்த படத்தில் வருவது போன்ற இமயச் சுவர்களில் இதே வேலை பல மடங்காகும். 6,000 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரே நாளில் முடியாது என்பதால் வீட்டையே மேலே இழுத்துப் போக வேண்டும்: துணிக்கட்டில் போலச் சுவரில் தொங்கும் போர்ட்டாலெட்ஜ், சாப்பாடு, எரிவாயு, உறக்கப் பை. முதல் ஆள் கயிற்றைக் கட்டியதும் ஒருவர் ஜூமார் என்ற பிடிகருவியால் அந்தக் கயிற்றிலேயே ஏறுவார், இன்னொருவர் மூட்டையை இழுப்பார். குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் பனியை உருக்கித்தான் கிடைக்கும். கடினமான பிட்ச் ஒன்றுக்கு அரை நாள் போகலாம், அத்தனை நேரமும் ஒருவர் அசையாமல் கயிறு பிடிக்க வேண்டும். குளிரில் உறைவது அவர்தான். ஏறுகிறவர் உடம்பிலாவது சூடு இருக்கும்.

கங்கோத்ரிப் பக்கம் மேருவின் நடுச்சிகரம் இருக்கிறது, 6,310 மீட்டர். அதன் சுறாத் துடுப்பு என்கிற சுவரில் 2008இல் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டுர்க் மூவரும் புயலில் மாட்டி, உணவு தீர்ந்து, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கும்போது திரும்பினார்கள். 2011இல் அதே மூவர் போய் முடித்தார்கள். அந்த ஏற்றத்தில் நான் அதிகம் மதிப்பது 2008ஐத்தான். அவ்வளவு கிட்டே போய் மூன்று பேரும் சேர்ந்து திரும்பினார்களே, அதற்கு எத்தனை தெளிவு வேண்டும்! இந்த நாட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1973-74 பருவத்தில் ஒரு தென்னாப்பிரிக்கக் குழு தென் அமெரிக்காவின் படகோனியாவில் பைனே நடுக்கோபுரம் என்ற சிகரத்தின் கிழக்குச் சுவரில் ஏறியது. ஏறத்தாழ 1,200 மீட்டர், புயல்காற்றுக்குப் பெயர்போன இடம். அங்கே உயரத்தைவிடக் காற்றுதான் எதிரி.

பழக நினைப்பவர்கள் டர்பனில் இருந்தால் மாண்டசீல் பாறைக்கு ஒரு ஞாயிறு வாருங்கள். முதல் மாதம் ஏறவே வேண்டாம், கயிறு பிடிக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தரையில் நின்று, பிரேக் கை தூக்கத்திலும் தொடைப்பக்கம் போகிற அளவுக்கு.

அடுத்த ஜூலையில் நாங்கள் மூவரும் சென்டினலுக்குத் திரும்பப் போனோம். நான்காவது பிட்ச்சை அண்ணா வேறு வெடிப்பு வழியாக ஏறி முடித்தார். மூன்று இழுப்பு வந்தது, நான் கிளம்பினேன். பாதியில் அந்த இடம் தெரிந்தது. கல் பெயர்ந்த பள்ளம் மட்டும் சுற்றியுள்ள பாறையைவிட வெளிறிப்போய், புதுக்காயம் மாதிரி இருந்தது. உள்ளங்கையை அதில் ஒரு நொடி வைத்தேன். காலுக்குக் கீழே 3,000 மீட்டர் காற்று இருப்பது போலத் தோன்றியது. "இழு" என்றேன், சத்தமாகக்கூட இல்லை. கயிறு இறுகியது.