பெரியப்பாவின் நான்கு டாலர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்த பெரியப்பாவின் டப்பாவில் நான்கு டாலர் நாணயங்கள் இருந்தன: 1921 மார்கன், 1922 பீஸ், 1971 ஐசன்ஹோவர், அப்புறம் பெட்டியோடு 1986 சுதந்திர தேவி சிலை நினைவு நாணயம். நூறு வருஷத்து நாணயம் பெரிய விலைக்குப் போகும் என்கிறார்கள். முதல் இரண்டும் கறுத்திருக்கின்றன. தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: முதலில் ஒன்று, தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

நான் முதன்முதலில் வாங்கிய வெள்ளி டாலர், 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான மார்கன். கைபடாத வெள்ளி டாலரை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள், சக்கரத்தின் ஆரங்கள் சுற்றுவதுபோல வெளிச்சம் அதன்மேல் ஓடும். அச்சின் அழுத்தத்தில் வெள்ளி பரவும்போது உண்டாகும் நுண்ணிய வரிகளால் வரும் ஒளி அது. என் நாணயத்தின் ஓரத்தில் லேசாகக் கறுப்பு ஏறியிருந்தது. சமையல் சோடாவைக் குழைத்து ஐந்து நிமிஷம் தேய்த்தேன். கறுப்பு போனது, அந்த வரிகளும் போய்விட்டன. பிறகு ஒரு வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸை வைத்ததும் கீறல்கள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. "எடைக்கு எடுத்துக்கிறேன்" என்றார். இன்றும் அதை எடுத்துப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த படலம். சேகரிப்பவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. தேய்த்த தடத்தைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

சரி, விலைக்கு வருவோம். வயசு மட்டும் விலையைக் கூட்டாது. மார்கன், பீஸ் இரண்டும் 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. ஆகவே ஒவ்வொன்றிலும் 24 கிராம் சுத்த வெள்ளி நிச்சயம். அதற்கு மேல் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 1921இல் பிலடெல்பியாவில் மட்டும் நாலரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக மார்கன் அடித்தார்கள். 1922 பீஸ் அங்கே ஐந்து கோடியைத் தாண்டியது. இந்த இரண்டு வருஷங்களும் எளிதாகக் கிடைப்பவை. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் வெறும் ஒரு லட்சம். அது தேய்ந்து போயிருந்தாலும் ஆளுக்கு ஆள் போட்டி போடுவார்கள். போதாக்குறைக்கு, 1918இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். அதனால், எத்தனை அடித்தார்கள் என்பதோடு எத்தனை தப்பின என்பதும் முக்கியம்.

1986 நினைவு நாணயத்தில் பலர் ஏமாந்துபோவார்கள். பளபளப்பான பின்புலம் கொண்ட ப்ரூஃப் வகை மட்டுமே 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்கள் கொடுத்த விலையில் 7 டாலர் சிலையையும் எல்லிஸ் தீவையும் புதுப்பிக்கத் தந்த நன்கொடை. அது திரும்பி வராது. வெள்ளி விலையை ஒட்டித்தான் இது கைமாறுகிறது. பெட்டியையும் சான்றிதழையும் மட்டும் தனியே பிரித்துவிடாதீர்கள். எந்த நினைவு நாணயமும் விலை ஏறாது என்று சொல்ல வரவில்லை. 1996 பாராலிம்பிக் டாலரில் சாதாரண வகை 15 ஆயிரம்கூட விற்கவில்லை. அன்று யாரும் சீண்டாததே இன்று அதைத் தேட வைக்கிறது.

ஐசன்ஹோவர் டாலரைக் கையில் எடுத்து, விளிம்பைப் பாருங்கள். செம்பு நிறக் கோடு பளிச்சென்று தெரிந்தால் எடை 22.68 கிராம் இருக்கும், வெள்ளி கிடையாது. கோடு இல்லாமல் 24.59 கிராம் இருந்தால் 40 சதவீதம் வெள்ளி. பார்த்துவிட்டு எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.