கடினமானது என்று பெயரெடுத்த பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ரெசிடென்சி எப்படி இருக்கும்? சேரலாமா?

ரெசிடென்சி என்றால் மருத்துவப் படிப்புக்குப் பிறகு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் சிறப்புப் பயிற்சி. நான் அதை முடித்து வந்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். முதல் வருடம் கத்தி கைக்கு வருவது அபூர்வம். விடிவதற்கு முன்பே வார்டில் இருக்க வேண்டும். ராத்திரி யாருக்குக் காய்ச்சல் வந்தது, யாருக்குச் சிறுநீர் குறைந்தது, வயிற்றிலிருந்து திரவத்தை வெளியேற்ற வைத்த குழாயில் வந்திருப்பது ரத்தமா பித்தமா, எல்லாம் ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் நுனிநாக்கில் இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால், வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது, இல்லையென்றால் சிறு துளை வழியே வயிற்றுக்குள் விடும் லேப்ராஸ்கோப்பி கேமரா. கேமரா சும்மா பிடிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன், ஆனால் படம் கொஞ்சம் சாய்ந்தாலே ஆபரேஷன் செய்பவருக்குத் திசை குழம்பிவிடும், முதல் மாதம் நான் வாங்கிய திட்டில் பாதி அதற்குத்தான்.

வேலை நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு உண்டு, ஆனால் அது நான்கு வாரச் சராசரி, ஒரு வாரம் 95 போய் அடுத்த வாரம் 65 வந்தால் கணக்கு சரியாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி சராசரி 48. இந்தப் பயிற்சி முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889 வாக்கில் தொடங்கிவைத்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் காலத்தில் ரெசிடென்ட் என்றால் நிஜமாகவே மருத்துவமனையிலேயே குடியிருப்பவர். (அந்த மனிதரே கோகெயின் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.)

தூக்கமின்மை கூடப் பழகிவிடும். எனக்குப் பழகவே பழகாதது வேறு. குடலை வெட்டி இணைத்த ஒரு நோயாளி, நான்காம் நாள் இரவு, நாடித்துடிப்பு வேகமாக, 118. வலியாக இருக்கும் என்று நினைத்து வலி மருந்து எழுதிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டேன். காலையில் பார்த்தால் இணைப்பு கசிந்து வயிறு கல் மாதிரி இருந்தது. மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் சில நாள் கழித்து, சிக்கலான கேஸ்களை அலசும் கூட்டத்தில் துறை முழுவதும் உட்கார்ந்திருக்க நான் எழுந்து நின்றேன்.

"118 பார்த்ததும் என்ன நினைத்தாய்?"
"வலி என்று நினைத்தேன், சார்."
"வயிற்றில் கை வைத்துப் பார்த்தாயா?"
"இல்லை, சார்."
"சீனியரைக் கூப்பிட்டாயா?"
"இல்லை."

அவ்வளவுதான், யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. நான் கூப்பிடாததற்குக் காரணம் வேலைப்பளு மட்டுமில்லை, இதற்கெல்லாமா எழுப்புவது, தானே சமாளிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்கிற கௌரவமும்தான். அதற்கப்புறம் எந்த நேரமானாலும் கூப்பிட்டேன், இரண்டு முறை திட்டு வாங்கினேன், அதனால் என்ன.

ஆபரேஷன் கை மெதுவாக வரும். அலமாரிக் கைப்பிடியில் நூலைக் கட்டி நூறு முடிச்சு போடாமல் நான் படுத்ததில்லை. அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சையை முடிக்கக் குறைந்தது 850 பெரிய கேஸ்கள் செய்திருக்க வேண்டும், எண்ணிக்கை எப்படியோ வந்துவிடும், எந்தப் பகுதியை நீங்கள் செய்தீர்கள் என்பதுதான் விஷயம். பெரிய இடங்களில் நடுவில் ஒன்றிரண்டு வருடம் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்குவார்கள். தூங்கலாம், படிக்கலாம், கட்டுரை எழுதலாம், ஆனால் திரும்பி வரும்போது கை துருப்பிடித்திருக்கும், ஜூனியர் உங்களைவிட வேகமாகத் தைப்பார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

சேரலாமா என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது. போய்ப் பார்க்கும்போது துறைத்தலைவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் ஒரு மூன்றாம் வருடக்காரரைத் தனியாகப் பிடியுங்கள். நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு சந்தேகம் என்று கூப்பிட்டால் மேலே இருப்பவர் என்ன சொல்வார், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு அவர் பதில் சொல்வதற்கு முன்னால் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தைப் பற்றி இன்னொரு தடவை யோசியுங்கள்.