கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): செயற்கைக் கருக்கட்டல் மூலம் பிறந்த என் இரட்டைப் பிள்ளைகளுக்கு இப்போது 11 வயது. அப்படிப் பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே சீனி வருத்தமும் இருதய நோயும் வரும் என்று இணையத்தில் வாசித்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மகளுக்குக் கன்னத்தில் வெள்ளைத் தேமல், இரவில் கால் உளைவு, தலைமுடி உதிர்வு. பின்கழுத்துக் கறுப்பு, தேசிக்காய் தேய்த்தும் போகவில்லை. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் சீனி 92 காட்டுகிறது. மாமி சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மெட்போமின் குளிசையில் பாதியைக் கொடுத்து வருகிறேன். சரியா? — ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அந்த அரைக் குளிசையை இன்றோடு நிறுத்துங்கள். மெட்போமின் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படும் மருந்துதான். ஆனால் நோயை உறுதிசெய்து, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று பார்த்து, அளவைத் தீர்மானித்த பிறகே வைத்தியர் அதை எழுதுவார். மாமியின் குளிசைப் பெட்டியிலிருந்து முறித்துக் கொடுப்பதற்கு வைத்தியம் என்று பெயரில்லை. தேமல் இந்த வயதில் சாதாரணம், தானாக மங்கும். பகலில் ஓடி விளையாடும் பிள்ளையின் இரவுக் கால் உளைவுக்குத் தடவி விட்டால் போதும். முடி உதிர்வுக்காக நித்திரையை இழக்க வேண்டாம்.

கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நாங்கள் செய்த சிகிச்சை பிள்ளையின் உடலைப் பழுதாக்கி விட்டதா? இல்லை என்பதே என் பதில். இம்முறையில் உலகில் முதலாவதாக 1978 யூலையில் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுண் இன்று இரண்டு ஆண் பிள்ளைகளின் தாய். உங்களைப் பயமுறுத்திய செய்திகளுக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2008இல் நெதர்லாந்தில் 8 முதல் 18 வயதுடைய இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்தபோது, மேல் இரத்த அழுத்தம் மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரி 105 ஆக இருக்க, இவர்களுக்கு 109 ஆக இருந்தது. வெறும் வயிற்றுச் சீனியும் மயிரிழை கூடியிருந்தது. இரண்டுமே நோயின் எல்லைக்கு வெகு கீழே உள்ள எண்கள். பின்னர் 2023இல் ஐரோப்பா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களைச் சேர்ந்த 35,000க்கு மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இரத்த அழுத்தத்திலோ சீனியிலோ கொழுப்பிலோ பொருட்படுத்தத் தக்க வேறுபாடு தென்படவில்லை. அவர்களுள் இம்முறையில் உருவானவர்கள் சில நூறு பேரே என்பதால் ஆய்வுகள் தொடர்கின்றன. ஆனால் 109 என்ற எண்ணை 'மாரடைப்பு' என்று தலைப்பிடுபவர்களை நம்பி விரலில் குத்துவது வீண் வேலை.

இனி, நீங்கள் தேசிக்காயால் தேய்த்துக் கொண்டிருக்கும் அந்தக் கழுத்துக்கு வருவோம். என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தி, பின்கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல் சற்றுத் தடித்து, வெல்வெற்றுத் துணி போல மெத்தென்று, மடிப்புக் கோடுகள் ஆழமாகத் தெரிந்தால், அக்குளிலும் அதே கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அழுக்குமல்ல, சங்கிலி பட்ட தழும்புமல்ல. உடலில் இன்சுலின் வேலை செய்யத் தடுமாறுவதால், அதைக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது என்பதன் அடையாளம். அப்படிச் சமாளிக்கும் வரை காலைச் சீனி 92 என்றுதான் காட்டும். ஆகவே அந்த எண்ணைக் கண்டு ஆறுதலடையவும் வேண்டாம். எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும் தோல் புண்ணாகுமே தவிரக் கறுப்புப் போகாது. நிறை குறையும்போது அதுவாக மங்கும்.

காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருந்ததால்தான் சிகிச்சைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையும் சீனி வருத்தத்துக்கான சாய்வும் பல குடும்பங்களில் சேர்ந்தே வரும். மகன் 2.3 கிலோவுடன் பிறக்க, மகள் 1.6 கிலோவுடன் பிறந்திருக்கிறாள். நிறை குறைந்து பிறந்து பிறகு வேகமாகப் பருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கூடுதல் என்பது எந்த முறையில் கருவுற்றாலும் பொருந்தும். 'சின்னனாகப் பிறந்தவள்' என்று இன்றுவரை இரண்டு மடங்கு ஊட்டுவதும், ரியூசன் வாசலில் நாள்தோறும் வாங்கிக் கொடுக்கும் சோடாவும் றோல்ஸும் மீதி வேலையைச் செய்கின்றன. பட்டினி போடச் சொல்லவில்லை; வளரும் வயது. சோடாவை நிறுத்தி, இரவுப் புட்டின் அளவைக் குறைத்து, மாலையில் ஒரு மணித்தியாலம் சைக்கிளோடவோ வலைப்பந்து விளையாடவோ விடுங்கள், ஒரு ரியூசன் வகுப்புக் குறைந்தாலும் பரவாயில்லை.

இரண்டு கிழமைக்குள் குழந்தை நல வைத்திய நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குரிய அளவுப் பட்டியால் இரத்த அழுத்தம் பார்த்து, இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டுகிறதா என்று அளந்து, தேவையான இரத்தப் பரிசோதனைகளை அவர் தீர்மானிப்பார். அதற்கிடையில் அடங்காத தாகமும், இரவில் பலமுறை சிறுநீர் போவதும், உடல் மெலிவதும் தொடங்கினால் காத்திருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். எப்படிக் கருவுற்றாள் என்பதை வீட்டில் மாமிக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் விருப்பம். வைத்தியரிடம் மட்டும் மறைக்க வேண்டாம், பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள், முதல் இரண்டு வருட நிறைக்கோடு அதில்தான் இருக்கிறது.