கேள்வி நேரம்: டென்மார்க் நாடகமும் நம் சட்டமன்றமும்

பதில்கள்: ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்

நம்மூர் அரசியலிலேயே தினம் ஒரு நாடகம் நடக்கிறது. அப்படியிருக்க டென்மார்க் பிரதமரைப் பற்றிய தொடரை, சப்டைட்டில் படித்துக்கொண்டாவது பாருங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், அம்மாபேட்டை

சபையில் யார் பக்கம் எத்தனை பேர் என்று தலை எண்ணுவது இருக்கிறது. 'போர்கன்' என்ற அந்தத் தொடர் 2010-ல் தொடங்கியது. முதல் பகுதியிலேயே ஆளும் பிரதமர் சிக்கிக்கொள்கிறார். லண்டன் கடையில் மனைவி வாங்கிய கைப்பைக்குச் சொந்த கார்டு கையில் இல்லாததால் அரசாங்க கார்டைத் தேய்த்துவிடுகிறார். அந்த ரசீது எதிர்க்கட்சித் தலைவரிடம் போகிறது. தேர்தலுக்கு முந்தைய டிவி விவாதத்தில் அவர் அதை எடுத்து நீட்ட, நீட்டியவர் பெயரும் சேர்ந்து கெடுகிறது. இந்தச் சண்டையில் பிரதமராக மேலே வருகிறவர் பிர்கிட்டே நைபோர்க் என்ற நடுத்தரக் கட்சித் தலைவி.

மற்ற கதைகளில் ஜெயித்ததும் மாலை போட்டு முடித்துவிடுவார்கள். இங்கே கதையே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. டென்மார்க் நாடாளுமன்றத்தில் 179 இடங்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. பிரதமராக நம்பிக்கை வாக்கும் கோர வேண்டாம், தனக்கு எதிராகப் பெரும்பான்மை திரளாமல் இருந்தால் போதும். ஆனால் பட்ஜெட் நிறைவேற வேண்டுமே! அதனால் ஒவ்வொரு மசோதாவுக்கும் அந்த அம்மாள் தொழிலாளர் கட்சிக்காரரையும் பசுமைக் கட்சிக்காரரையும் உட்கார வைத்துப் பேசியே ஆக வேண்டும். எந்த வாக்குறுதியை விட்டுக்கொடுப்பது, எதை விட்டால் சொந்தக் கட்சி முகத்தில் முழிக்க முடியாது என்று அவர் தவிப்பதை மணிக்கணக்கில் பார்க்கலாம். அதிகாரம் என்பது உத்தரவு போடுவது அல்ல, சம்மதம் வாங்குவது என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொடர் அதைக் கண்ணெதிரே காட்டுகிறது. அது வந்த மறு ஆண்டே, 2011-ல், நிஜ டென்மார்க்குக்கும் முதல் பெண் பிரதமராக ஹெல்லே தோர்னிங் ஷ்மித் வந்தார்.

அவ்வளவு நீளமாக உட்கார முடியாது. சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, சூரமங்கலம்

பிபிசியின் 'யெஸ் மினிஸ்டர்', 1980. அரை மணி நேரம்தான் ஒரு பகுதி. அமைச்சர் ஒன்று நினைப்பார், துறைச் செயலாளர் வேறொன்று நடத்தி முடிப்பார். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால் அவரோடு சேர்ந்து பாருங்கள்.

சம்மதம் வாங்கி ஆள்வதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி. நம் மண்ணில் நடக்குமா?
– பள்ளி ஆசிரியர், ஆத்தூர்

நடந்திருக்கிறது ஐயா. நடத்தியவர் 1917-ல் நம் சேலம் நகராட்சிக்குத் தலைவரான ராஜாஜி.

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். மக்களிடம் ஓட்டு கேட்காதவர் அப்படி வந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு அமைச்சர் பதவி கொடுத்து, வேறு சிலரையும் சேர்த்துத்தான் அவர் பெரும்பான்மை காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் என்ற கல்வித் திட்டத்தை, குலக்கல்வி என்று ஊரே கொதித்த திட்டத்தை, 1953-ல் கொண்டுவந்தார். அந்த ஜூலையில் அதைக் கைவிடக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 138! அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு முற்றி, 1954-ல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போனது. அந்த ஒரு வருஷத்தை எந்த டென்மார்க் தொடருக்கும் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம்.

இன்று அப்படி ஒரு 138-க்கு 138 ஏன் வருவதில்லை என்று கேட்பீர்கள். 1985-ல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், வந்தது. கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவியே போய்விடும். காரணம் நியாயமானதுதான். 1967-க்குப் பிறகு எம்.எல்.ஏ.க்கள் காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று தாவியதை நாடே பார்த்தது. ஆனால் தாவுகிறவனுக்குப் போட்ட பூட்டு, மனசாட்சிப்படி பேசுகிறவன் வாயிலும் விழுந்துவிட்டது. பிரிட்டனில் 2019 செப்டம்பரில் ஆளும் கட்சி எம்.பி.க்கள் 21 பேர் பிரதமர் ஜான்சனின் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். கட்சி அவர்களை வெளியே தள்ளியது, ஆனாலும் எம்.பி.யாகவே தொடர்ந்தார்கள். நமக்கு, தேர்தல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே வழி சொல்லியிருக்கிறது: நம்பிக்கை வாக்கெடுப்பு போல அரசின் உயிருக்கே உலை வைக்கும் ஓட்டுகளுக்கு மட்டும் தகுதி நீக்கம் இருக்கட்டும். நான் அந்தக் கட்சி. ஒரு பள்ளிக்கூட மசோதாவுக்கு எம்.எல்.ஏ. தன் தொகுதியை நினைத்துக் கை தூக்கினால் ஆட்சி கவிழ்ந்துவிடாது.

டீச்சர், 2022-ல் வந்த 'போர்கன்' பகுதிகளில் கிரீன்லாந்தில் எண்ணெய் கிடைக்கிறது. எனக்கு நம் மலையில் பாக்சைட் வெட்டியது ஞாபகம் வந்தது. அங்கே முடிவெடுப்பது யார்?
– என் பழைய மாணவி, ஏற்காடு

சரியான இடத்தில் கை வைத்தாய். டென்மார்க் நாடாளுமன்றத்தில் கிரீன்லாந்துக்கு இரண்டே இடங்கள். ஆனால் 2009 தன்னாட்சிச் சட்டப்படி நிலத்தடி வளம் அந்தத் தீவின் அரசுக்கு. வெளியுறவும் பாதுகாப்பும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிடம். அந்தப் பகுதிகளில் வெளியுறவு அமைச்சராக வரும் நைபோர்க் திண்டாடுவது அந்த இடுக்கில்தான்.

சேர்வராயன் மலைப் பாக்சைட் மேட்டூருக்கு இறங்கிய காலத்தில் மலைவாழ் மக்களிடம் இப்படி யாரும் கேட்கவில்லை. பழங்குடியினருக்கான தனித்தொகுதி என்றாலும் சட்டமன்றத்தில் ஏற்காட்டுக்கு 234-ல் ஒரு குரல்தான். ஆனால் கோபன்ஹேகன் வரை போக வேண்டாம், ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பார். அங்கும் பாக்சைட்தான். 2006 வன உரிமைச் சட்டத்தை வைத்து, கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

உங்கள் ஊராட்சியில் கிராம சபை ஆகஸ்ட் 15 அன்று கூடும். வன உரிமைக் குழு அமைத்திருக்கிறார்களா என்று எழுந்து கேள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதும்மா, இதே பக்கத்தில் போடுகிறேன்.