திரும்பிப் போனவர்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இரவில் குண்டு வீசப் போய்த் திரும்பாமல் போனவர்களில், உங்கள் மனதில் நிற்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி

பதில்: ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடாவின் வின்னிபெக் நகரத்தில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1916-ல் பிறந்தவர். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் முதுகுப் பக்கக் கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. விமானத்தில் மொத்தம் ஏழு பேர். வால் கூண்டில் இருந்தவர் பேட் ப்ரோஃபி, மைனார்ஸ்கிக்கு நெருங்கிய நண்பர்.

1944 ஜூன் 12 இரவு இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்கள். நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட முடியவில்லை, ஜெர்மன் படைகளுக்கு உதவி போய்ச் சேராமல் இருக்க பிரான்சின் கம்ப்ரே ரயில் நிலையத்தைத் தாக்க வேண்டும். வழியில் ஜெர்மன் போர் விமானம் ஒன்று சுட்டதில் இடதுபக்க என்ஜின்கள் இரண்டும் போய்விட்டன, தீயும் பிடித்துக்கொண்டது. எல்லோரும் குதியுங்கள் என்று விமானி உத்தரவு போட்டுவிட்டார்.

மைனார்ஸ்கி குதித்திருக்கலாம், கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் வால் கூண்டு திரும்பாமல் சிக்கி ப்ரோஃபி உள்ளே மாட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, தீக்குள் தவழ்ந்தே அவரிடம் போனார். கோடாலியால் நெம்பிப் பார்த்தார், கையால் இழுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நீ போய்விடு என்று ப்ரோஃபி உள்ளேயிருந்து கையை ஆட்டினார். அப்போதும் முதுகைக் காட்டாமல் ப்ரோஃபியைப் பார்த்தபடியே பின்னால் தவழ்ந்து வந்து, கதவருகில் எழுந்து நின்று, இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருக்க, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. இரவில் பிரியும்போது வழக்கமாகச் சொல்லும் 'குட் நைட், சார்' என்பதைத்தான் சொன்னார் என்று ப்ரோஃபிக்குத் தெரியும்.

பாராசூட்டும் எரிந்தது. உயிரோடுதான் தரையிறங்கினார், ஆனால் தீக்காயம் அவரைக் கொன்றுவிட்டது. அப்போது வயது 27.

ப்ரோஃபியோ பிழைத்துவிட்டார்! விமானம் தரையில் மோதிய வேகத்தில் வெளியே வீசப்பட்டார். அவர் இங்கிலாந்து திரும்பி வாய் திறந்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது, 1946-ல் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது. அவர் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் இறந்தவர்கள் 55,573 பேர், விமானங்களில் பறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதி. இருட்டில், எரியும் விமானத்துக்குள் இன்னும் எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனார்களோ, பார்த்து வந்து சொல்ல ஆள் இல்லை.

கேள்வி: குண்டு போட்டவர்களுக்கு அஞ்சலி எதற்கு? கீழே செத்த ஜனங்கள்?

பதில்: நியாயமான கோபம். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் மட்டும் பல்லாயிரம் பேர் வெந்து செத்தார்கள், குழந்தைகளும்தான். அதை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது. லண்டன் கிரீன் பார்க்கில் 2012-ல் இந்த வீரர்களுக்கு நினைவிடம் திறந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்வதாக அங்கேயே பொறித்திருக்கிறார்கள், அது சரியென்றே நினைக்கிறேன். எந்த ஊரைத் தாக்குவது என்று முடிவெடுத்தவர்கள் வேறு. வால் கூண்டில் குளிரில் விறைத்துக்கிடந்த இருபது வயதுப் பையன்கள் வேறு.

மைனார்ஸ்கியின் கல்லறை பிரான்சில் மெஹாரிகூர் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. கனடாவின் ஹாமில்டனில் ஒரு லங்காஸ்டருக்கு அவர் விமானத்தின் அடையாள எழுத்துகளையே தீட்டி, இன்றும் பறக்கவிடுகிறார்கள்.